பரிட்சை அறைக்குப் போன டைப்ரைட்டர்

கல்லூரி ஆபீஸ் டைப்பிஸ்ட் என்றால், ஊருக்கெல்லாம் கடிதம் அடித்துக் கொடுத்துவிட்டுத் தன் லீவு லெட்டரை மட்டும் அவசரத்தில் கையால் கிறுக்கிக் கொடுக்கிறவள் என்று பொருள். இந்தப் பிழைப்பில் விரல் தேய்ந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். மூன்று கார்பன் வைத்து அடித்த கடிதத்தில் கடைசி வரியில் தப்பு விட்டு, நாலு தாளையும் உருவி எறிந்துவிட்டு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அட்டெண்டரைத் திட்டியிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை.

எழுபதுகளில் மதுரையில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யும், இங்கிலீஷ் டைப்பில் ஹையர் கிரேடும் என் படிப்பு. ஆபீஸில் ஹெட்கிளார்க் சுப்பராமன் சார், அட்டெண்டர் முனியாண்டி, அப்புறம் கமலமாகிய நான். இன்றைக்கு மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு என்று தனிப் பிரிவு, சாய்தளம், கூடுதல் நேரம் எல்லாம் அச்சடித்த விதியாக இருக்கிறது. அன்றைக்கு அப்படி எதுவும் எங்கள் அலமாரியில் இல்லை. நாங்கள் மூன்று பேர், ஒரு பிரின்சிபால், அவருடைய பச்சை மைக் கையெழுத்து, இவ்வளவுதான். அதை வைத்து நாங்கள் செய்ததைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடது பெருவிரல்

செல்லப்பாண்டி அலங்காநல்லூர்ப் பக்கத்து ஆள். கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். மூன்று வயதில் அம்மை போட்டுக் கண் பார்வை போய்விட்டது. பார்வையில்லாதோர் பள்ளியில் படித்து முடித்துவிட்டு, பி.ஏ. வரலாறு சேர அண்ணன் தோளில் கை வைத்துக்கொண்டு ஆபீஸுக்குள் வந்தான். இன்று அவர் பெரிய வாத்தியார். இருந்தாலும் எனக்கு 'வந்தான்' என்றுதான் வாயில் வருகிறது. அவனும் அதைத்தான் விரும்புகிறான்.

சுப்பராமன் சார் விண்ணப்பத்தைச் சரிபார்த்தார். பையன் கண்ணைப் பார்த்தார். மேஜை டிராயரைத் திறந்து மைப்பெட்டியை எடுத்து வைத்து, "இடது பெருவிரலைக் குடுப்பா" என்றார். செல்லப்பாண்டி கையைக் கொடுக்கவில்லை. பேனா கேட்டான். கையெழுத்துப் போட்டான், அது கோட்டை விட்டு ஏறிப் பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது. சார் முகம் சுளித்தார். நான் ஒரு பழைய ஃபைல் அட்டையில் கையெழுத்து அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி, அடுத்த தாளின் மேல் வைத்து, அவன் விரலை அந்த ஓரத்தில் தொட வைத்தேன். உள்ளே அடங்கி, நேராக, என் கையெழுத்தைவிட அழகாக விழுந்தது. பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு அவன் கேட்டான்: "காலேஜுல சேர வர்ற எல்லார்கிட்டயும் கைநாட்டுத்தான் கேப்பீங்களா சார், இல்ல எனக்கு மட்டுமா?"

போர்டில் ஒட்டியாச்சே

முதல் வருஷமே ஒரு வகுப்புத் தேர்வைத் தவற விட்டான். தேதி தெரியாது என்றான். பேராசிரியர் ஆபீஸுக்கு அனுப்பினார். சுப்பராமன் சார் தலை நிமிராமல், "நோட்டீஸ் போர்டுல ஒட்டி ஒரு வாரமாச்சு, பார்க்கலையா?" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பேனாவைத் தேடுவது போல மேஜைக்கடியில் குனிந்தவர் நிமிர வெகுநேரமாயிற்று.

மறுநாளிலிருந்து புது ஏற்பாடு. போர்டில் எது ஒட்டினாலும், பதினோரு மணி இடைவேளையில் முனியாண்டி அதன் முன்னால் நின்று வாசிக்க வேண்டும். முனியாண்டி எட்டாவது வரை படித்தவர். குரல் என்னவோ ஜல்லிக்கட்டில் மாட்டை அவிழ்த்துவிடும்போது மைக்கில் பேசுகிறவர் குரல். ஒரே மாதத்தில் கண் உள்ளவர்களும் போர்டைப் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். இவர் வாய்க்காக முன்னூறு பேர் கூடி நின்றார்கள். செல்லப்பாண்டி மட்டும் ஒருநாள் ஆபீஸ் வாசலில் வந்து அவரிடம் கெஞ்சினான்: "கொஞ்சம் மெதுவா வாசிங்கண்ணே. எனக்குக் கண்ணுதான் தெரியாது, காது நல்லாவே கேக்கும்."

மாடியிலிருந்து இறங்கிய வகுப்பு

அதே வகுப்பில் ஜெயராஜ். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் போனவன். மூன்று சக்கர வண்டியில் கல்லூரி வரை வந்துவிடுவான். வரலாற்று வகுப்போ இரண்டாம் மாடியில். ஒருநாள் மேலே ஒரு சர்க்குலர் கொடுக்கப் போனேன். படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, கையை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தான். வேட்டியெல்லாம் புழுதி. நான் சர்க்குலரைக் கொடுக்காமலே திரும்பி வந்து பிரின்சிபாலிடம் சொன்னேன். அன்றே அவர் முடிவு செய்தார், வகுப்பு கீழே வரும் என்று. கீழ் அறையை வைத்திருந்த காமர்ஸ்காரர்கள் மேலே போக முகத்தைத் தூக்கினார்கள். கால அட்டவணையை நான்கு முறை மாற்றி அடித்தேன். நான்காவது முறை கை வலித்தாலும், ஜெயராஜ் வண்டியோடு நேரே வகுப்புக்குள் போனதைப் பார்த்தபோது வலியெல்லாம் பறந்துவிட்டது.

பிரின்சிபாலுக்கு அதோடு நிற்க மனமில்லை. செல்லப்பாண்டி வண்டியைத் தள்ளட்டும், ஜெயராஜ் வழி சொல்லட்டும் என்று ஒரு யோசனை. கேட்டவர்கள் எல்லாம் ஆஹா என்றார்கள். ஆனால் அவர்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஜெயராஜ் ஒரு கட்சி, இவன் இன்னொரு கட்சி. கேட்டிலிருந்து வகுப்பு போவதற்குள் ஒரு பொதுக்கூட்டமே நடந்துவிடும். நான்காம் நாள் செல்லப்பாண்டி பிரின்சிபால் முன்னால் போய் நின்றான்: "நான் தனியாவே போறேன் சார். அவன் பேசுறதக் கேக்குறதுக்கு நாலு தூண்ல முட்டிக்கிட்டாலும் தேவல."

முனியாண்டி எழுதிய இங்கிலீஷ்

இனிதான் விஷயம். கண் தெரியாதவர்கள் பரிட்சையில் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவார். எழுதுகிறவருக்குப் பரிட்சை எழுதுகிறவரைவிடப் படிப்பு குறைவாக இருக்க வேண்டும். அதிகம் படித்தவர் என்றால் அவரே பதிலையும் எழுதிவிடுவாரே என்ற பயம். இங்கிலீஷ் பேப்பருக்கு நான் உட்காருகிறேன் என்றேன். "டைப்பிஸ்ட் உட்கார்ந்தா எழுதுனது அவனா நீயான்னு ஒரு பேச்சு வரும்" என்று சுப்பராமன் சார் மறுத்துவிட்டார். கடைசியில் முனியாண்டி உட்கார்ந்தார்.

தமிழில் நடந்த பேப்பர்களில் முனியாண்டி குதிரை வேகம். இங்கிலீஷில் ஒவ்வொரு வார்த்தையையும் செல்லப்பாண்டி எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. முனியாண்டி ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுவது போலப் பொறுமையாக வரைந்தார். மூன்று மணி நேரத்தில் பாதிக் கேள்விதான் ஆயிற்று. மற்ற எல்லாவற்றிலும் நல்ல மார்க், இங்கிலீஷில் ஃபெயில். ரிசல்ட் வந்த அன்று முனியாண்டி சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமல் என்னிடம் வந்து சொன்னார்: "தோத்தது நான்ம்மா. பேரு மட்டும் அந்தப் பயலுக்கு."

மெஷினைக் கேட்டவன்

கடைசி வருஷம் வந்தது. செல்லப்பாண்டி படித்த பார்வையில்லாதோர் பள்ளியில் ஒரு வாத்தியார் இடம் காலியாக இருந்தது. பி.ஏ. முடித்துக்கொண்டு ஜூன் மாதத்துக்குள் வா, உனக்காக வைத்திருக்கிறேன் என்று அங்கே தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். நடுவில் நின்றது இந்த ஒரே ஒரு இங்கிலீஷ் பேப்பர்தான். வீட்டிலோ, படித்தது போதும், மாட்டுக்கொட்டத்தைப் பார்த்துக்கொண்டு இரு என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

ஒருநாள் மத்தியானம் நான் அடித்துக்கொண்டிருந்தபோது கதவோரம் வந்து நின்றான். கொஞ்ச நேரம் கேட்டான். "ஸ்பேஸ் பார் அப்பப்ப ரெட்டையாத் துள்ளுதாக்கா?" என்றான். எனக்குத் திக்கென்றது. மெக்கானிக்கே கண்டுபிடிக்காத கோளாறு அது. அவர்கள் பள்ளியில் பிரெயிலோடு டைப்பும் சொல்லிக்கொடுப்பார்களாம். என் மெஷினை என் வீட்டுக்காரரைக்கூடத் தொட விட்டதில்லை. ஆனாலும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு அடிக்க ஆரம்பித்தான். ஒரு பக்கம் முழுக்க, ஒரு பிழை இல்லை. தாளை உருவி சுப்பராமன் சாரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னார்: "கமலம், நாளையிலருந்து கொஞ்சம் சீக்கிரமா வாம்மா. உன் நாற்காலிக்கு ஆள் வந்தாச்சு."

படித்துப் பார்த்துக் கையெழுத்து

தன் பரிட்சையைத் தானே டைப் அடித்து எழுத அனுமதி வேண்டும் என்று செல்லப்பாண்டி கேட்டான். விதியில் அப்படி ஒன்று இல்லை, இல்லாததை எப்படிக் கேட்பது என்றார் சுப்பராமன் சார். கூடாது என்றும் விதியில் இல்லையே என்றேன் நான். பிரின்சிபால் சிரித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் அடி என்றார். அடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக ஒரு கடிதம் அடித்ததில்லை. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள். ஆறாவது கடிதத்துக்கு அனுமதி வந்தது. அதிலும் நிபந்தனைகள்: மற்றவர்களுக்குச் சத்தம் கேட்காத தனி அறை, அரை மணி கூடுதல் நேரம், மெஷின் கல்லூரியுடையதாக இருக்க வேண்டும், இந்த ஒரு தேர்வுக்கு மட்டும்.

கடைசி நிபந்தனையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடித்து முடித்ததும் தேர்வர் எல்லாவற்றையும் தாமே ஒருமுறை படித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்திட வேண்டுமாம். ஏதோ பழைய படிவத்தில் இருந்த வரி, அப்படியே வந்துவிட்டது போலிருக்கிறது. திருத்திக் கேட்டால் இன்னும் ஆறு கடிதம். செல்லப்பாண்டியிடம் வாசித்துக் காட்டினேன். அவன் அசரவில்லை: "போட்டுருவோம்க்கா. கண்ணு இருக்கவன் எவன் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுறான்?"

பாட்டிலில் பாம்புகள்

சத்தம் வெளியே போகாத அறை என்று கல்லூரி முழுக்கத் தேடினோம். தடிமனான சுவரும் கனமான கதவும் உள்ள ஒரே இடம் ஜூவாலஜி மியூசியம்தான். சுற்றிலும் கண்ணாடி அலமாரி. ஒவ்வொரு பாட்டிலிலும் ஒவ்வொரு பாம்பு, தவளை, பெயர் தெரியாத ஜந்துக்கள். நடுவில் மேஜை போட்டு என் மெஷினை வைத்தோம். முதலில் ஒரு மாதிரித் தேர்வு வைத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. காவலுக்கு கெமிஸ்ட்ரி லெக்சரர் தங்கவேலு.

தங்கவேலு சார் கேள்வியை வாசிக்க, செல்லப்பாண்டி கேட்டான், யோசித்தான், அடித்தான். நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டான். எனக்குக் காலே தரையில் பாவவில்லை. வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தவர் தங்கவேலு சார்தான்: "அவன் பாட்டுக்கு அடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான்மா. மூணு மணி நேரம் அம்புட்டுப் பாம்பும் என்னையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நெசப் பரிட்சைக்கு நான் வாசலப் பாத்துத்தான் உக்காருவேன்."

வெள்ளைத் தாள்

சொன்னபடியே உண்மையான பரிட்சையன்று அவர் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். நான் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். மெஷின் இல்லாத மேஜை. கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பரிட்சை தொடங்கி ஒன்றேகால் மணி நேரம் இருக்கும். முனியாண்டி மூச்சிரைக்க ஓடி வந்தார். "மெஷின்ல ஒண்ணுமே விழலையாம்மா, பிரின்சிபால் கூப்பிடுறாரு."

ஓடினேன். பிரின்சிபால் சுற்றி வரும்போது எட்டிப் பார்த்திருக்கிறார். செல்லப்பாண்டி மும்முரமாக அடித்துக்கொண்டிருக்கிறான், தாளில் ஒரு எழுத்து இல்லை. பக்கத்தில் அடித்து முடித்து வைத்திருந்த இரண்டு தாளும் வெள்ளை. மெஷினைப் பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். நகல் எடுக்கிற மெழுகுத்தாளில் ஸ்டென்சில் வெட்டும்போது மை ரிப்பன் குறுக்கே வரக்கூடாது என்று ஒரு சின்ன லீவரை வெள்ளைப் புள்ளிக்குத் தள்ளுவோமே, அந்த லீவர். முந்தின நாள் சாயங்காலம் பரிட்சை அறைப் பட்டியலுக்கு ஸ்டென்சில் வெட்டியது நான். மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, துணி போட்டு மூடி, பெருமையாக மியூசியத்துக்கு அனுப்பியதும் நான். லீவரைத் திருப்ப மறந்ததும் நான்தான். கண் உள்ளவர்கள் முதல் எழுத்திலேயே கண்டுபிடித்திருப்பார்கள். அவனுக்கு மெஷினின் சத்தம் எப்போதும் போலத்தான் கேட்டிருக்கும்.

"எந் தப்பு செல்லப்பாண்டி" என்றேன். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன். அவன் அந்தத் தாள்களை வாங்கிப் பின்பக்கத்தைத் தடவினான். எழுத்து குத்திய இடமெல்லாம் பின்னால் மேடாக இருக்கும். "ரெண்டரைப் பக்கம்" என்றான் மெதுவாக. மிச்சமிருப்பதை கமலம் கேட்டு எழுதட்டுமா என்றார் பிரின்சிபால். இவன் மறுத்துத் தலையை ஆட்டினான். அப்புறம் எழுதினது யார் என்ற பேச்சு வரும், வேண்டாம் என்றான். முதலிலிருந்து அடிக்க நேரம் போதுமா என்று அவர் கேட்டார். "போதுமான்னு தெரியல சார். பதிலு பூராவும் மண்டையில இருக்கு. கையி அடிச்சது மட்டும்தான் போச்சு" என்றான். நான் லீவரைத் திருப்பி, என் கையாலேயே ஒரு எழுத்து அடித்துப் பார்க்கப் போனேன். தேர்வர் தாளில் நான் அடிக்கக்கூடாது என்று தங்கவேலு சார் பதறித் தடுத்தார். செல்லப்பாண்டி ஒரு எழுத்து அடித்தான். விழுந்தது. நான் வெளியே போக வேண்டியதாயிற்று.

வராந்தா கோடியில் நின்றேன். கனமான கதவுதான், ஆனாலும் வரி முடியும்போது அடிக்கிற மணி லேசாகக் கேட்டது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். மாதிரித் தேர்வில் அவன் அடித்த வேகம் எனக்குத் தெரியும். இது அதுபோல ஒன்றரை மடங்கு. நடுவில் ஒருமுறை மணி நின்றுபோனது. நான் மீனாட்சியம்மனுக்கு எதையெல்லாமோ நேர்ந்துகொண்டேன். மறுபடி தொடங்கியது. நேரம் முடிந்த மணி அடித்தபோது கடைசிக் கேள்வியின் கடைசி வரியில் இருந்தானாம். கொடுத்த தாள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது விதி. வெள்ளைத் தாள் மேலே, எழுத்து விழுந்த தாள் கீழே என்று நூல் போட்டுக் கட்டினார்கள். நான் அவன் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவன் விரல்களை உதறிவிட்டுக்கொண்டே சொன்னான்: "விடுங்கக்கா. ரெண்டாந்தடவ அடிச்சப்ப பதிலு இன்னும் நல்லா வந்துச்சு. காலேஜுலயே ஒரு பரிட்சைய ரெண்டு தடவ எழுதுனவன் நான் ஒருத்தன்தான்."

எனக்கு நானே மெமோ

வெள்ளைத் தாளோடு போகிற கட்டுக்கு ஒரு விளக்கக் கடிதம் அனுப்ப வேண்டும். "மெஷின் கோளாறுன்னு ஒரு வரி போட்டுருவோம்மா, யாருக்கும் சேதம் இல்லை" என்றார் சுப்பராமன் சார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. மெஷினுக்குக் கோளாறு என்று எழுதினால் இனி பரிட்சைக்கு மெஷினே வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லிவிடுவார்கள். அதோடு, என் மெஷின் மேல் நான் பழி போடமாட்டேன். லீவரைத் திருப்ப மறந்தது டைப்பிஸ்ட் கமலம், தேர்வர் மேலும் மெஷின் மேலும் தவறில்லை என்று அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிரின்சிபால் படித்தார். "இப்படி எழுதினா உனக்கு மெமோ கொடுக்கணுமேம்மா" என்றார். கொடுங்கள் சார் என்றேன். ஆபீஸில் இங்கிலீஷ் டைப்பிஸ்ட் நான் ஒருத்திதான். ஆகவே என் மெமோவை நானே அடித்து, கையெழுத்து வாங்கி, எனக்கு நானே கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று நானே எழுதியும் வைத்தேன். நான் தாளைச் சொருகும்போது சுப்பராமன் சார் தன் இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "லீவரப் பாத்துட்டு அடிம்மா. மெமோவும் வெள்ளையாப் போயிறப் போகுது."

பேப்பரில் இல்லாத நம்பர்

ஜூன் மாதம் பேப்பரில் ரிசல்ட் வந்தது. அவன் நம்பர் இல்லை. முனியாண்டி கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். ஜெயராஜ் பாஸ். ஜெயராஜே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, "ரெண்டாவது பதிப்புல இருக்குமாக்கா?" என்று கேட்டான். அதுவரை அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. செல்லப்பாண்டி அலங்காநல்லூர் பஸ்ஸில் வந்து இறங்கினான். பள்ளியில் மாதக் கடைசி வரை பொறுப்பார்களாம், அப்புறம் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் திட்டவில்லை. இந்த ஒரு லீவரால் ஒருத்தன் பிழைப்புப் போயிற்றே என்று நாலு நாள் சரியாகத் தூங்கவில்லை. அவன் கேட்டது ஒன்றுதான்: "அக்டோபர்ல திரும்ப எழுதுறேன்க்கா. மெஷின மட்டும் மறுபடி குடுப்பீங்களா?"

இருபத்தேழாம் தேதி தபால்

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது மேலிடத்திலிருந்து ஒரு நீளக் கவர் வந்தது. தபாலைப் பிரிப்பது என் வேலை. வெள்ளைத் தாள் விஷயமாக ரிசல்ட்டை நிறுத்தி வைத்திருந்தார்களாம். கல்லூரி அனுப்பிய விளக்கத்தைப் பரிசீலித்தார்களாம். செல்லப்பாண்டி இங்கிலீஷில் தேர்ச்சி. நான் கவரோடு எழுந்து நின்றேன். முனியாண்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். சாயங்காலத்துக்குள் செல்லப்பாண்டியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கூடவே அந்த அண்ணனும், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசலிலேயே நின்றார்.

பிரின்சிபால் என்னையே வாசிக்கச் சொன்னார். தேர்ச்சி என்ற இடத்தில் செல்லப்பாண்டி மூச்சை விட்டான். நான் நிறுத்தவில்லை, கடிதத்தில் இன்னும் ஒரு பத்தி இருந்தது. பார்வையற்ற தேர்வர் எவர் தட்டச்சு செய்ய விரும்பினாலும் இனி அனுமதிக்கலாம். அடித்த முதல் வரி தாளில் விழுந்திருக்கிறதா என்று கண்காணிப்பாளர் தொடக்கத்திலேயே பார்த்து உறுதி செய்ய வேண்டும். எல்லாக் கல்லூரிகளும் இதைப் பின்பற்ற வேண்டும். "மறுபடி வாசிங்கக்கா" என்றான். வாசித்தேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. தன் மார்க் எவ்வளவு என்று அவன் கேட்கவே இல்லை. "அப்ப இனிமே வர்ற பய எவனும் ஆறு லெட்டர் எழுதிக் கெஞ்ச வேண்டியதில்ல. 'எனக்கும் மெஷின் வேணும்'னு வந்து நின்னாப் போதும், இல்லக்கா?"

உத்தியோக வாழ்க்கையில் எத்தனையோ பேர் மூளையைக் கசக்கி விதிகளை எழுதியிருக்கிறார்கள். மறதியாலேயே ஒரு விதியை உண்டாக்கி, அதற்கு மெமோவும் வாங்கிய டைப்பிஸ்ட் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.